தோட்டத்து ஊர் அருங்காட்சியகம்: உரைகள், ஒன்றுகூடல்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் தெற்குக் கெடாவில், செம்பனைக்கும் மிச்சமிருக்கும் கித்தா (ரப்பர்) மரங்களுக்கும் நடுவே இருக்கிறது எங்கள் ஊர். வேலைக்குப் போனவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட, தோட்டத்தின் பழைய ஆயாக்கொட்டகையைத்தான் அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறோம். பொருள்களைப் பார்க்க வருகிறவர்களைவிடச் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வருகிறவர்களே அதிகம். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம்.

கூட்டம் எப்போது? ஏன் ஞாயிற்றுக்கிழமை வைப்பதில்லை?

மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, மாலை 4 மணி. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறன்று பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். பினாங்கிலும் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கோ சனியும் ஞாயிறும்தான் லீவு. பாட்டியும் பேத்தியும் ஒரே கூரையின் கீழ் உட்கார வேண்டுமென்றால் சனிக்கிழமையை விட்டால் வேறு நாள் கிடையாது. அம்மன் கோயில் திருவிழா மாதத்தில் கூட்டம் இருக்காது.

கட்டணம் உண்டா? முன்பதிவு?

கட்டணம் இல்லை. பதிவும் வேண்டாம். பள்ளிக் குழுவாக வந்தால் மட்டும் ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள், நாற்காலி இரவல் வாங்க வேண்டியிருக்கும்.

யார் பேசுவார்கள்? பேராசிரியர்களா?

பேராசிரியர்களும் வருகிறார்கள், வரவேற்கிறோம். ஆனால் முதல் நாற்காலி தோட்டத்தில் உழைத்தவருக்கு. கித்தா மரத்தில் பால் வெட்டியவர், வேலையை மேற்பார்த்த மண்டோர், கணக்கு எழுதிய கிராணி, ஆயா, லோரி ஓட்டியவர், தோட்டப் பள்ளியில் பாடம் நடத்திய ஆசிரியர், கோயில் பூசாரி, உறுமி அடித்தவர் என்று பலரும் இங்கே பேசியிருக்கிறார்கள். அவர்கள் பேசி முடித்த பிறகுதான் படித்தவர்கள் எழுந்து ஆண்டையும் சட்டத்தையும் எடுத்து வைப்பார்கள். இந்த வரிசையை மாற்றுவதில்லை. வரலாற்றுப் புத்தகத்தில் கம்பெனியின் கணக்கு இருக்கும், கவர்னரின் அறிக்கை இருக்கும். விடியற்காலை நாலரை மணிக்குப் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போது கைக்குழந்தையை எங்கே இறக்கி வைத்தார்கள் என்பதை அந்த அம்மாதான் சொல்ல முடியும்.

ஒரு கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். பால் வெட்டுவதைப் பற்றிய உரை அது. மேடையில் பேச மறுத்துவிட்ட ஒரு தாத்தா, எல்லாரையும் கொல்லைப்புறத்தில் நிற்கும் கித்தா மரத்துக்கு அழைத்துப் போனார். கைப்பிடியில் துணி சுற்றிய பழைய உளியை எடுத்து, பட்டையில் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்த சரிவில் ஒரே இழுப்பாக இழுத்தார். சீவல் காகிதத்தைவிடச் சற்றுத் தடிமனாகச் சுருண்டு விழுந்தது. பால் கோட்டில் ஊறி, ஓடி, தகரத் தூம்பில் இறங்கி, மங்குக் கிண்ணத்தில் சொட்டத் தொடங்கியது. “ஏன் தாத்தா இந்தப் பக்கமா சாய்ச்சு வெட்டுறீங்க?” என்று ஒரு சிறுவன் கேட்டான். “மாத்தி வெட்டினா பால் கொறையும்டா” என்றார். அதற்குமேல் அவரிடம் விளக்கம் இல்லை. வந்திருந்த விவசாயத் துறை ஆசிரியர் ஒருவர் காரணத்தைச் சொன்னார்: பட்டைக்குள் பால் குழாய்கள் நேராக ஏறுவதில்லை, கீழே இடமிருந்து மேலே வலமாகச் சற்றுச் சாய்ந்து ஏறுகின்றன, இடம் உயர வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். விடியும் முன் வெட்டுவதற்கும் காரணம் உண்டு. குளிர்ந்த வேளையில் மரத்துக்குள் நீரின் அழுத்தம் மிகுந்திருக்கும், பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். வெட்டு பட்டையைத் தாண்டி உள்மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் கணு கட்டிக்கொள்ளும், புதுப் பட்டையில் பிறகு உளி ஓடாது. அதற்காகத்தான் மண்டோர் ஒவ்வொரு மரமாகக் கையால் தடவிப் பார்த்தார். தாத்தாவின் கை அறிந்ததற்கு ஆசிரியர் காரணம் சொன்னார். எங்கள் கூட்டம் ஒவ்வொன்றும் இப்படி அமைய வேண்டும் என்பதே எங்கள் ஆசை.

என் பாட்டிக்கு எவ்வளவோ தெரியும். ஆனால் பள்ளிக்கூடம் போனதில்லை, மைக்கைப் பார்த்தாலே பயம். அவரைப் பேச வைக்க முடியுமா?

முடியும். தயவுசெய்து அழைத்து வாருங்கள். மேடை, மைக், அறிமுக உரை எதுவும் அவருக்கு வேண்டாம். வட்டமாக உட்காருவோம், சட்டையில் சின்ன ஒலிவாங்கி ஒன்றைக் குத்திவிடுவோம், கையில் ஒரு பொருளைக் கொடுப்போம். பால் வாளியோ, அதைத் தோளில் சுமக்கும் காண்டா கம்போ, அம்மிக் குழவியோ கைக்கு வந்துவிட்டால் பேச்சு தானாக வரும். “உங்க வாழ்க்கையப் பத்திச் சொல்லுங்க” என்று கேட்டால் “என்னத்தச் சொல்றது” என்றுதான் பதில் வரும். “மழை பேஞ்சா அன்னிக்குச் சம்பளம் உண்டா பாட்டி?” என்று கேட்டுப் பாருங்கள். மழை நாளில் வெட்டு நின்றது, கூலி நின்றது, கடையில் கடன் ஏறியது, அந்த மாதம் யார் தாலியை அடகு வைத்தார்கள் என்பது வரைக்கும் வந்துவிடும்.

இருபது நிமிடத்துக்குமேல் இழுப்பதில்லை. களைத்தால் நிறுத்திவிடுவோம். வீட்டை விட்டு வர முடியாதவர்களிடம் நாங்களே போகிறோம்; குடும்பத்தில் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் பேரப்பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்கிறோம். பாட்டி பேசும்போது இடையில் புகுந்து திருத்தாதீர்கள். “அப்படி இல்ல பாட்டி, அது சுதந்திரத்துக்கு அப்புறம்” என்று ஒரு முறை சொன்னால் போதும், அவர் வாயை மூடிக்கொள்வார்.

அவர்களுக்கு ஆண்டே நினைவில் இருக்காதே. அதை வைத்து எப்படி வரலாறு எழுதுவது?

ஆண்டு நினைவில் இல்லாவிட்டாலும் காலம் நினைவில் இருக்கும். “ஜப்பான்காரன் காலம்” என்றால் 1941 டிசம்பருக்கும் 1945க்கும் இடைப்பட்டது. வாழைமரம் போட்ட நோட்டும் மரவள்ளிக் கிழங்கும் பேச்சில் வந்தால் அதுதான். தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி, இரவில் ஊரடங்கு, அரிசிக்கு அளவு என்று வந்தால் அது 1948இல் அறிவிக்கப்பட்டு 1960இல் முடிந்த அவசரகாலம். குடியுரிமை இல்லாதவர்களின் சிவப்பு ஐசி (அடையாள அட்டை), வேலை பெர்மிட், அக்கம்பக்கத்தார் மூட்டை கட்டிக்கொண்டு இந்தியாவுக்குத் திரும்பியது என்றால் 1969ஐ ஒட்டிய ஆண்டுகள். இந்தக் கொக்கிகளில் மாட்டி ஆண்டை நெருங்கிவிடலாம்.

வாய்மொழியும் காகிதமும் முரண்பட்டால் இரண்டையும் வைத்துக்கொள்கிறோம். ஒருவர் தம் அப்பா 1939இல், ஊரில் ஆள் திரட்டி வரும் கங்காணியோடு வந்ததாகச் சொன்னார். இந்திய அரசாங்கம் 1938இலேயே உடலுழைப்புத் தொழிலாளர்களைப் பிறர் செலவில் போகும் உதவிப் பயணத்தில் மலாயாவுக்கு அனுப்புவதைத் தடுத்துவிட்டது. அப்படியானால் அவர் சொன்னது பொய்யா? அவசரப்படக் கூடாது. தடைக்குப் பிறகும் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்தவர்கள் உண்டு, ஊர்க்கார கங்காணி ஒருவர் அதே கப்பலில் வந்திருக்கலாம், ஆண்டும் ஒன்றிரண்டு தள்ளிப் போயிருக்கலாம். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதி, சட்டத்தை அதன் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம். நாளை அந்தக் குடும்பத்தில் யாராவது பழைய பாஸ்போர்ட்டைக் கண்டெடுத்தால் விடை கிடைக்கும்.

எந்தத் தலைப்புகளில் உரைகள் நடக்கின்றன?

வந்த வழியில் தொடங்கினோம். ஒப்பந்தத்தில் கட்டிப்போட்ட சஞ்சிக் கூலி முறை 1910இல் நிறுத்தப்படும் முன்பே கங்காணி முறை வேர்விட்டுவிட்டது. தோட்டத்துக் கங்காணி சொந்த ஊருக்குப் போய் உறவுக்காரர்களையும் தெருக்காரர்களையும் திரட்டிக்கொண்டு வந்தார். அவர் ஆள்கள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் அவருக்குத் தலைக்காசு. பயணச் செலவுக்கு 1907இல் தோட்ட முதலாளிகளிடம் வரி வாங்கி ஒரு நிதி ஏற்படுத்தினார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏறி, பினாங்கில் இறங்கி, ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக் கொட்டடியில் அடைபட்டுக் கிடந்து, பிறகுதான் தோட்டம். ரஜூலா கப்பலைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் கூட்டம் நேரத்துக்கு முடியாது. 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் ஏறக்குறைய ஐம்பது ஆண்டு ஓடியது. மேல்தளத்தில் பாய் விரித்து வந்தவர்களின் பிள்ளைகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

பிறகு, ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட சயாம் ரயில். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது; மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர். வாந்திபேதியிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் செத்தவர்களுக்கு முறையான பெயர்ப் பட்டியல்கூட இல்லை. வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம்மவர்களுக்கு வீட்டுப் பெரியவர்களின் நினைவைத் தவிர அதிகம் இல்லை. அதனால் இந்தத் தலைப்பை ஆண்டுதோறும் வைக்கிறோம். போனவர் பெயர், தோட்டத்தின் பெயர், திரும்பினாரா இல்லையா என்று மூன்றை மட்டும் எழுதிக்கொடுத்தாலும் போதும்.

எங்கள் வட்டாரத்துக்கே உரியது தொண்டர் படை. போர் முடிந்ததும் கெடாத் தோட்டங்களில் இளைஞர்கள் திரண்டு கள்ளுக்கடைகளுக்கு எதிராக நின்றார்கள். 1947இல் பீடோங் பக்கம் போலீசுடன் மோதல் ஏற்பட்டு உயிர்ச்சேதமும் நேர்ந்தது. வாரச் சம்பளம் வீடு போய்ச் சேராமல் கள்ளுக்கடையில் கரைவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். கள்ளுக்கடையை நடத்தவிட்டது யார், அதனால் இலாபம் அடைந்தது யார் என்று அவர்கள் அன்றே கேட்டார்கள்.

இன்னும், 1943இல் தோட்டங்களிலிருந்து நேதாஜியின் ஜான்சி ராணிப் படைக்குப் போன பெண்கள். 1923 தொழிலாளர் சட்டம் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே பள்ளி நடத்தச் சொன்னதும் அதனால் பிறந்த ஓரறைத் தமிழ்ப்பள்ளிகளும். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது 1960இல் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தொழிலாளர்களிடமே சிறுகச் சிறுகப் பங்குப் பணம் சேர்த்துத் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். அந்தச் சங்கம் தொடக்கத்தில் வாங்கிய தோட்டங்களில் ஒன்று கெடாவின் புக்கிட் சிடிம் என்பதால் அந்த உரைக்குக் கூலிமிலிருந்தும் லுனாஸிலிருந்தும் ஆள் வருவார்கள்.

வலிக்கிற விஷயங்களையும் பேசலாமா? தொரை (தோட்ட மேலாளர்) அடித்தது, கோயிலில் சாதி பார்த்தது?

பேசலாம், பேச வேண்டும். தோட்டத்தை அழகாக மட்டும் காட்டினால் அங்கே உழைத்தவர்களுக்குத் துரோகம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீட்டு மிளகாய் அடுத்த வீட்டுக்குப் போனதும் உண்மை. ஒரே லயத்தில் தனிக் குவளை வைத்ததும் உண்மை. இரண்டையும் சொல்ல ஒரே நாற்காலிதான் இருக்கிறது.

ஒரு கட்டுப்பாடு உண்டு. உயிரோடு இருப்பவர்களின் பெயரையோ, அவர்கள் யாரென்று தெரிந்துவிடும் வகையிலோ சொல்லக் கூடாது. சயாமுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவர் நம்மவராகவே இருந்த கதைகள் வரும். அவருடைய பேரப்பிள்ளைகள் அதே கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார்கள். நடந்ததைச் சொல்லுங்கள், குடும்பத்தைச் சுட்டாதீர்கள். அழுகை வந்தால் பதிவை நிறுத்திவிடுவோம், பேசியவர் மறுபடி சொன்னால்தான் தொடருவோம்.

பேச்சைப் பதிவு செய்து யூடியூபில் போடுவீர்களா?

பேசியவர் சம்மதித்தால் மட்டும். முதலில் அவருக்கே போட்டுக் காட்டுவோம். வேண்டாம் என்ற பகுதியை எடுத்துவிடுவோம். ஒரு பிரதி குடும்பத்துக்கு. பார்வையாளர்கள் கைப்பேசியில் படம் பிடித்துப் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். ஓர் அம்மா எங்களை நம்பிச் சொன்னது அவர் வீடு போய்ச் சேருமுன் ஊர் முழுக்கச் சுற்றக் கூடாது.

வீட்டில் பழைய பொருள்கள் இருக்கின்றன. கூட்டத்துக்குக் கொண்டுவரலாமா?

கட்டாயம். தங்கமும் வெண்கலமும்தான் பொருள் என்று நினைக்காதீர்கள். எங்களுக்கு மிக அரிதாகக் கிடைப்பவை காகிதங்கள்: செக்ரோல் தாள் (வேலை நாள் பதிவு), சம்பளச் சீட்டு, பள்ளி வருகைப் பதிவேடு, கப்பல் டிக்கெட், பழைய ஐசி, தொழிற்சங்கச் சந்தா அட்டை, ஊரிலிருந்து வந்த கடிதம். தோட்டம் கைமாறும்போது ஆப்பிஸ் காகிதங்களைக் குவித்துக் கொளுத்திய கதையைப் பல ஊர்களில் கேட்டிருக்கிறோம். அதில் தப்பியது உங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கலாம்.

கொண்டுவரும் முன் சுத்தம் செய்ய வேண்டாம். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்தால், சொம்பில் வெட்டியிருக்கும் பெயரும் சேர்ந்து தேய்ந்திருக்கும். உளிக்கு எண்ணெய் போடாதீர்கள். கிழிந்த காகிதத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். இரண்டையும் பிறகு பிரிக்க முடியாது. பழைய ஆல்பத்தில் படம் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காமல் ஆல்பத்தோடு எடுத்துவாருங்கள். நம் ஊர் ஈரத்துக்குப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். துணியில் சுற்றி, சிமெண்டுத் தரையில் வைக்காமல் உயரத்தில் வையுங்கள், கரையான் ஏறாது.

கொடுத்துவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அன்றே படம் எடுத்து, அளவெடுத்து, யாருடையது, எங்கே பயன்பட்டது என்று எழுதிக்கொண்டு உங்கள் கையிலேயே திருப்பித் தருவோம். இரவலாகத் தந்தால் எழுத்தில் ரசீது உண்டு.

பிள்ளைகளுக்குச் சலிப்பாக இருக்காதா?

உட்கார வைத்துச் சொற்பொழிவு கேட்கச் சொன்னால் சலிக்கும்தான். அவர்களுக்குத் தனி வேலை இருக்கிறது. காண்டா கம்பின் இரு முனையிலும் தண்ணீர் வாளியைத் தொங்கவிட்டு, சிந்தாமல் கொல்லையைச் சுற்றி வர வேண்டும். பாதித் தண்ணீரிலேயே தோள் வலிக்கிறது என்பார்கள். கொள்ளுப்பாட்டி நிறைய பாலோடு மேட்டிலும் பள்ளத்திலும் ஸ்டோர் வரைக்கும் நடந்தது அப்போதுதான் உறைக்கிறது. பாலில் புளிகாடி (அமிலம்) ஊற்றி உறைய வைப்பதும், உறைந்ததை உருளையில் விட்டுச் சீட்டாக (ரப்பர் தகடாக) இழுப்பதும் பெரியவர்கள் துணையோடு நடக்கும். தேசியப் பள்ளிகளின் மலாய், சீனப் பிள்ளைகளும் வருகிறார்கள்.

தமிழ் தெரியாதவர்கள் வரலாமா?

வரலாம். பேச்சு தமிழில்; நடுநடுவே மலாயில் சுருக்கம் சொல்ல ஆள் இருப்பார். கம்பத்து (மலாய்க் கிராமத்து) மக்சி அம்மாவுக்கும் சீனக் கடைக்கார அங்கிளுக்கும் தோட்டத்தைப் பற்றி அவர்கள் பக்கத்து நினைவுகள் உண்டு. சம்பள நாள்வரை கடனுக்குச் சாமான் கொடுத்தவரின் கணக்குப் புத்தகம் இல்லாமல் எங்கள் கதை முழுமையாகாது.

பிரமுகர்கள் வந்தால் மாலை, பொன்னாடை, உரை உண்டா?

யார் வந்தாலும் நாற்காலி உண்டு, கோப்பி உண்டு. பொன்னாடை அன்று பேசிய மூத்தவருக்கு மட்டும். வரவேற்புரையே அரை மணி நேரம் போனால், எண்பது வயதுக்காரர் தம் முறைக்குக் காத்திருந்தே களைத்துவிடுவார்.

தோட்ட நடை என்று ஒன்று இருக்கிறதாமே?

பள்ளி விடுமுறையில், காலை 7 மணிக்கு, வெயில் ஏறுமுன். பழைய லயம் இருந்த இடம், கிணறு, பெரட்டுக் களம், ரப்பர் சீட்டு உலர்த்திய புகைக்கூட்டின் சிதைந்த சுவர், முனியாண்டி கோயில், இடுகாடு. இப்போது அங்கே செம்பனை நிற்கிறது. நிர்வாகத்தின் அனுமதியோடுதான் போகிறோம். முள் மட்டையும் பாம்பும் உண்டு, மூடிய காலணி போட்டு வாருங்கள்.

சில சமயம் நடையை நீட்டி, ஜெராய் மலையடியில் மெர்போக்கில் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குப் போகிறோம். கடாரம் என்று நாம் பெருமையோடு சொல்லும் மண் அது. அங்கே கூட, 2013இல் 11ஆம் எண் சண்டி என்று குறிக்கப்பட்ட பழங்கோயில் எச்சத்தை நிலமேம்பாட்டு வேலையில் இடித்துவிட்டார்கள். நாடு முழுக்கக் குரல் எழுந்தது, ஆனால் இடித்த பிறகு. ஆயிரம் ஆண்டுச் சின்னத்துக்கே அந்தக் கதி என்றால், நூறு ஆண்டு லயத்துக்கு யார் குரல் கொடுப்பார்கள்? ஊர்க்காரர்கள்தான் கொடுக்க வேண்டும்.

நான் கோலாலம்பூரில் இருக்கிறேன். தாத்தா இந்தப் பக்கத் தோட்டம் ஒன்றில் இருந்தார் என்பது மட்டும் தெரியும். உதவி கிடைக்குமா?

கூட்டத்துக்கு வந்து எழுந்து நின்று தாத்தாவின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சொல்லுங்கள். தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று, நம்மவர் வைத்த பெயர் ஒன்று என்று இரண்டு இருக்கும். நம்மவர் வைத்த பெயர் தெரிந்தால் வேலை எளிது. தாத்தாவின் பட்டப்பெயர் இன்னும் நல்லது, ஐசியில் உள்ள பெயரில் யாரும் அவரைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். பிறப்புப் பத்திரத்தின் நகல் இருந்தால் எடுத்துவாருங்கள், பிறந்த இடத்தில் தோட்டத்தின் டிவிஷன் (பிரிவு) வரைக்கும் எழுதியிருப்பது உண்டு. அரசாங்கப் பதிவுகளுக்குக் கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. தேடும் முறையைச் சொல்லித் தருவோம்.

எங்கள் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். கோயிலும் பள்ளியும் லயமும் சீக்கிரம் போய்விடும். நாங்கள் என்ன செய்யலாம்?

கட்டடத்துக்கும் கமிட்டிக்கும் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே தோட்டத்தின் மிக மூத்தவர் வீட்டுக்குப் போய்க் கைப்பேசியை ஒலிப்பதிவில் போட்டு மேசைமேல் வையுங்கள். அடுத்து, லயத்தின் வரைபடம் ஒன்றை ஊரார் எல்லாரையும் உட்காரவைத்து வரையுங்கள்: எந்தக் கதவு யார் வீடு, குழாய் எங்கே, கொடிக்கம்பம் எங்கே. சண்டை வரும், வரட்டும், அதில்தான் விவரம் தெளியும். கோயில் சிலையை எடுக்கும் முன் அது நிற்கும் இடத்தையும் பார்க்கும் திசையையும் படமெடுங்கள். பள்ளியில் வருகைப் பதிவேடும் பள்ளிக் குறிப்பேடும் எங்கே போகின்றன என்று தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள். இடிக்கும் தேதி தெரிந்த அன்றே எங்களுக்குச் சொல்லுங்கள். அளவுநாடா, கேமரா, பெட்டிகளோடு ஒரு லோரியில் வருகிறோம். தேதி தள்ளிப்போகும் என்று நம்பி அழைப்பதைத் தாமதிக்க வேண்டாம்.